செத்ததுக்குக் கடதாசி

எழுநூறு வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒரு மனிதர் இப்போது உயிரோடு இல்லை என்று இன்னொரு மனிதருக்கு நிரூபிக்க, ஒரு முழு மதியச் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்துத் தோற்றவன் நான்.

“அண்ணை, அந்த ஆள் செத்திருப்பார்.”

“செத்திருப்பார்தான்.”

“அப்ப எழுதுங்கோவன்.”

“செத்ததுக்குக் கடதாசி இல்லை ஐசே.”

“எழுநூறு வருசம் அண்ணை! எங்கடை சித்தர்மாரே இவ்வளவு இழுத்திருப்பினமோ எண்டது சந்தேகம்.”

“அது உம்மடை யோசினை. யோசினையை அட்டையிலை எழுதேலாது.”

சொல்லிவிட்டு பிட்டில் கொஞ்சம் சம்பலைக் குழைத்து வாயில் போட்டுக்கொண்டார். வழக்கு முடிந்தது.

ஒஸ்லோவில் ஓர் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில் நான் தள்ளுவண்டி தள்ளிய காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் ‘வரலாற்றுத் துறையில் இருக்கிறேன்’ என்பேன். பொய் என்று சொல்லமுடியாது. வரலாறு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை நான் தள்ளினேன். அப்படித் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனபோதுதான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் பென்சில் செருகியபடி, ஒரு தமிழர் இலத்தீன் வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். நான் பயந்துபோனேன். எங்கள் ஆட்கள் அந்தக் கட்டடத்தில் நிலத்தைத் துடைத்துத்தான் கண்டிருக்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். கத்தோலிக்கச் சாமியாராகப் போகவென்று சிறிய குருமடத்தில் சேர்ந்து, இலத்தீனைப் படித்துவிட்டு, சாமியாராகாமல் வெளியே வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “நம்பச் சொன்னவை. நான் எங்கை எழுதியிருக்கெண்டு கேட்டனான். எழுதியிருக்கிற இடத்தைக் காட்டினவை. ஆர் எழுதினது எண்டு கேட்டனான். அதோடை சரி.” பிறகு எல்லோரையும் போல நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் மீன் வெட்டி, ஒஸ்லோவுக்கு இறங்கி வந்திருந்தார். காப்பகத்தில் இலத்தீன் தெரிந்த ஆள் தேவைப்பட, தற்காலிக வேலை கிடைத்தது. மீன் வெட்டிய ஆண்டுகளிலும் ஞாயிறு பூசை தவறவிடாதவர். நம்பிக்கை இருந்தது, ஆதாரத்தைத்தான் தேடினார்.

வேலை இதுதான். முன்னொரு காலத்தில் எருசலேமில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கி, பிறகு கையில் வாளையும் எடுத்துக்கொண்ட கத்தோலிக்கத் துறவிகள் இருந்தார்கள். நான் அவர்களுக்கு ‘வாள்ச்சாமிமார்’ என்று பெயர் வைத்திருந்தேன். நோர்வேயில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு மடம். அரசனுக்காகச் சண்டை பிடித்துக் கிழடாகிப்போன வீரர்கள் கடைசிக் காலத்தில் அங்கேதான் போய்ப் படுத்தார்களாம். பிறகு மதம் மாறிய ஓர் அரசன் மடத்தையும் காணிகளையும் எடுத்துக்கொண்டான். மிஞ்சியது ஆட்டுத்தோலில் எழுதிய சில கடிதங்கள், அவற்றின் பிரதிகள், வெளிநாட்டுக் காப்பகங்களில் சிதறிக் கிடந்த துண்டுகள். அதையெல்லாம் சேர்த்து, அதில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை போடவேண்டும். பெயர். முதலில் காணப்படும் ஆண்டு. கடைசியாகக் காணப்படும் ஆண்டு. இறந்த ஆண்டு.

அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் அவர் நிரப்பமாட்டார். அவருடைய மேலதிகாரி பெரித் நல்ல பெண்மணி. பொறுமைசாலி. ஒருநாள் அட்டைப் பெட்டியை மேசையில் வைத்து, “இவர்கள் எல்லோரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா? ஓய்வூதியப் பகுதிக்கு அறிவிக்கட்டுமா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. “இவர்கள் செத்ததை யாரோ ஒருவர் கண்டிருக்கவேண்டும். கண்டவர் எழுதியிருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நான் யார் இவர்களைச் சாகடிக்க?” என்றார். பெரித் என்னைப் பார்த்தாள். நான் தள்ளுவண்டியின் சில்லைப் பார்த்தேன்.

பென்சிலையும் சொல்லவேண்டும். காப்பகத்தில் பேனை கொண்டுபோகக்கூடாது. மை தவறிப் பட்டால் எழுநூறு வருடம் போச்சு. எனவே எல்லோரும் பென்சில்தான். எங்களுக்கு அது கட்டடத்தின் சட்டம், அவருக்கு அது குணம். ட்வெய்ட்டாவில் அவர் குடியிருந்த மாடிவீட்டின் கதவில் பெயரைக்கூடப் பென்சிலால்தான் எழுதி ஒட்டியிருந்தார். கேட்டால், “இஞ்சை எத்தினை நாளெண்டு ஆருக்குத் தெரியும்” என்றார். அப்போது அவர் நோர்வேக்கு வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது.

என் மாமனார் ஒஸ்லோவில் செத்தபோது நான் அண்ணையிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடிப்போம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பெண்சாதி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எல்லாக் கல்வெட்டிலும் செத்தவர் ஒரே ஆள்தான்: எல்லோர்க்கும் இனியவர், வாரி வழங்கியவர், சிரித்த முகத்தினர். நான் நாலு பழைய கல்வெட்டைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டு, பிழை திருத்தக் கொடுத்தேன். பென்சிலை எடுத்தார்.

“‘மருமகனைத் தன் பிள்ளைபோல் நேசித்தவர்.’ இது ஆர் சொன்னது?”

“நான்தான்.”

“அவர் சொன்னவரோ?”

“அவர் அப்பிடியெல்லாம் வாய்திறந்து சொல்லுற ஆள் இல்லை அண்ணை.”

“உம்மை என்னெண்டு கூப்பிடுறவர்?”

நான் கொஞ்சம் யோசித்தேன். செத்த மனிதருக்கு முன்னால் பொய் சொல்லலாம். இவருக்கு முன்னால் முடியாது.

“மொக்கன் எண்டு.”

“எப்பவுமோ?”

“ஆக்கள் இருந்தா ‘இந்த மொக்கன்’ எண்டு.”

அவர் என் வரியை வெட்டிவிட்டு மேலே எழுதினார்: ‘மருமகனோடு உரிமையோடு பழகியவர்.’ “இதுக்கு ஆதாரம் இருக்கு” என்றார்.

முப்பத்தோராம் நாள் என் மனைவி அந்தக் கல்வெட்டை வாசித்து அழுதாள். அதில் அவளுடைய அப்பா கழிவறையில் ஒளித்துச் சுருட்டுப் பிடித்தது இருந்தது. ஒரு வார்த்தை நோர்வேஜிய மொழி தெரியாமலே டிராம் பரிசோதகரோடு சண்டை பிடித்து வென்றது இருந்தது. “இதுதான் எங்கடை அப்பா” என்றாள். அதற்குப் பிறகு ஆட்கள் கல்வெட்டு எழுத அண்ணையைத் தேடி வரத்தொடங்கினார்கள். வந்த வேகத்தில் பாதிப்பேர் திரும்பியும் போனார்கள்.

இதையெல்லாம் நான் பகிடிக் கதையாகத்தான் எங்கும் சொல்லித் திரிந்தேன். என் மனைவிதான் ஒருநாள் சட்டியைக் கழுவிக்கொண்டே, “உங்கடை பகிடி போதும். வதனியின்ரை கழுத்தை நெரிச்சுக்கொண்டு நிக்கிறது அந்த மனிசன்தான்” என்றாள்.

வதனி என் மனைவியோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவள். அவளுடைய கணவன், எங்கள் அண்ணையின் ஒரே தம்பி. இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அடுத்த வருடம், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் வேலைக்குச் சைக்கிளில் போனவனைச் சோதனைச் சாவடியில் இறக்கி ட்ரக்கில் ஏற்றினார்கள். பின்னால் இன்னொரு சைக்கிளில் போன வதனி அதைக் கண்டாள். அவ்வளவுதான். முகாம் முகாமாகத் தேடினாள். வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து நடந்து பேசவும் தொடங்கியது. பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தாள். இங்கே அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கல்யாண வீடுகளில் அவளைத் தட்டுத் தூக்கக் கூப்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் பெண்கள் அவளைக் கண்டதும் ஜூஸ் ஊற்றப் போய்விடுவார்கள்.

இப்போது பேர்கனில் ஒருவர். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர், மனைவியை நோயில் இழந்தவர். வதனியைக் கட்ட மூன்று வருடமாகக் காத்திருந்தார். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் கட்டுவதென்றால் முதல் கணவன் செத்ததற்குச் சான்றிதழ் வேண்டும். அதை எடுக்க ஊரிலிருந்து சட்டத்தரணி ஒரு சத்தியக் கடதாசி அனுப்பியிருந்தார். இரத்த உறவு ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். தாய் தகப்பன் இல்லை, பிள்ளை சின்னது. மிச்சம் இருந்த ஒரே இரத்த உறவு, எழுநூறு வருடத்துச் சாமிமாரையே சாக விடாத மனிதர்.

என் மனைவி என்னைத் தூது அனுப்பினாள். “நீங்கள் பகிடி விட்டு ஆளை வளைச்சுப்போடுவியள்.” என்னிடம் வேறு திறமை எதுவும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வதனியோடு ட்வெய்ட்டாவுக்குப் போனேன். ஒன்பதாம் மாடி. தேத்தண்ணி தந்தார். நான் விட்ட இரண்டு பகிடியும் மேசையில் விழுந்து செத்தன, சான்றிதழ் இல்லாமலே. வதனி கடதாசியை நீட்டினாள்.

“அத்தான், பிள்ளைக்கு எட்டு வயசாகுது. தகப்பன் எங்கையெண்டு பள்ளிக்கூடத்திலை கேட்டா ‘தெரியாது’ எண்டு சொல்லுறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேக்கிறா.”

“தெரியாதெண்டது உண்மைதானே.”

“எத்தினை வருசத்துக்கு உண்மை?”

“தெரியிற மட்டும்.”

“நான்தான் கண்டனான் அத்தான், ட்ரக்கிலை ஏத்தினதை.”

“ஏத்தினதைத்தானே கண்டனீர். செத்ததைக் காணேல்லையே.”

இதை அவர் கத்திச் சொல்லவில்லை. காப்பகத்தில் பெரித்துக்குப் பதில் சொல்வாரே, அதே குரலில் சொன்னார். வதனி கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். லிப்டில் இறங்கும்போது, “என்ரை மனிசன் சாகவேண்டியதில்லை அண்ணா. அத்தானுக்குப் பொய் ஒண்டு சொல்லத் தெரிஞ்சாப் போதும்” என்றாள். அந்தத் துறையில் நான் பேராசிரியன்.

அடுத்த வாரம் நான் வேறு வழியில் போனேன். “அண்ணை, உங்கடை வாள்ச்சாமிமார் கடல் கடந்து சண்டைக்குப் போய், திரும்பி வராட்டி என்ன செய்தவை?”

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மடத்தில் செத்தவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொருவர் பெயரையும் அவர் செத்த நாளில் செபத்தில் வாசிப்பார்கள். போனவரைப்பற்றி நீண்டகாலம் செய்தி இல்லாவிட்டால், அவரையும் அதில் எழுதிவிடுவார்கள்.

“பாத்தியளே! அவையே எழுதியிருக்கினம்.”

“ஏன் எழுதினவை தெரியுமோ? வெளியிலை இன்னொரு கிழவன் குளிரிலை காத்துக்கொண்டு நிண்டவன். ஆள் சாகேல்லை ஐசே. கட்டில் தேவைப்பட்டது.”

பிறகு பியோர்ன் என்ற ஒருவரின் அட்டையை எடுத்துக் காட்டினார். பியோர்ன் கடல் கடந்து போனவர். செத்தவர் பட்டியலில் ஏறியவர். ஏழு வருடம் கழித்து, ஒரு காணி எல்லைப் பத்திரத்தில் சாட்சியாக நிற்கிறார்: சகோதரர் பியோர்ன். “ஆள் வந்திட்டான்!” என்று மேசையில் அடித்தார். அந்த மனிதர் சிரித்து நான் கண்டது அன்று ஒருநாள்தான். முன்பல் ஒன்று இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. “வந்து பாத்தா அவன்ரை கட்டிலிலை இன்னொருத்தன். என்ன செய்திருப்பான் சொல்லும்? ஏழு வருசம் கழிச்சு வாறவன்!”

அவருடைய தம்பியைக் கொண்டுபோய் அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

வேறொருவராக இருந்தால் பியோர்னை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழ்நாளை ஓட்டியிருப்பார். இவருக்கு அது முடியாது. பெயர் ஒன்றாக இருப்பது ஆதாரமாகுமா? கொப்பன்ஹேகன் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். போவதற்கு முன் பியோர்ன் வைத்த அரக்கு முத்திரையின் படம் வேண்டும், பிந்திய பத்திரத்தில் உள்ள முத்திரையின் படமும் வேண்டும். பெரித் தேவையில்லை என்றாள். அவர்தான் இரண்டு தரம் நினைவூட்டல் அனுப்பி வரவழைத்தார்.

தபாலை மேலே கொண்டுபோவது என் வேலை. உறை ஒட்டப்பட்டிருக்கவில்லை. பார்த்தேன். நான் படித்தவன் இல்லை. ஆனால் மூன்று இலைக்கும் ஓர் ஏணிக்கும் வித்தியாசம் தெரியும். முந்திய முத்திரையில் மூன்று இலை. பிந்தியதில் ஏணி. இரண்டு பியோர்ன்.

லிப்டுக்குள் நின்று நன்றாக யோசித்தேன். உறையைத் தொலைத்துவிடலாம், நிலவறையில் தொலைந்தால் அதை இன்னொரு எழுநூறு வருடத்துக்கு யாரும் கண்டெடுக்கமாட்டார்கள். தொலைத்தால் அவருடைய தம்பி இருப்பான், வதனிக்கு வாழ்க்கை இருக்காது. கொடுத்தால் மறுபக்கம். கடவுள் செய்யவேண்டிய வேலையைத் தள்ளுவண்டிக்காரனிடம் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? அவர் கைகழுவப் போன நேரம் பார்த்து மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பின்னேரம் போனேன். பழைய அட்டையை அழித்திருந்தார். இரண்டு புதிய அட்டைகள். முதலாம் பியோர்ன், இரண்டாம் பியோர்ன். அழிறப்பர்த் தூள் மேசை முழுக்க. அவர் அதைக் கைவிளிம்பால் கூட்டிக் கூட்டிச் சின்னக் குவியலாக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணை.”

“வேறை ஆள் ஐசே.”

“ஓம்.”

“முந்தினவன் வரேல்லை.”

அவர் குவியலைக் குப்பைக் கூடைக்குள் தட்டினார். கடைசியில், “வதனியைச் சனிக்கிழமை வரச்சொல்லும். நீரும் வாரும்” என்றார்.

சனிக்கிழமை மதியம். கீழே கடைத்தொகுதியின் கூரையில் பழைய பனி கறுத்துக் கிடந்தது. வதனி கடதாசியை விரித்தாள். அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். தம்பியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். என்னுடைய பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். வதனி மூச்சு விட்டாள். அப்போதுதான் அவர் பேனையை மேலே கொண்டுபோய் ஒரு கட்டத்தில் நிறுத்தினார். இறந்த திகதி.

“கொண்டுபோன அண்டைக்கு எண்டு போடுங்கோ அத்தான். எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை.”

“அண்டைக்கு அவன் உயிரோடை. நீர்தான் சாட்சி.”

“வெறுமையா விட்டா எடுக்கமாட்டினமாம்.”

“அதுதான் பாக்கிறன்.”

தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. வதனி மடியில் கையை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“ஐசே. நீர் ஒரு திகதி சொல்லும்.”

என்னிடம் வாழ்க்கையில் யாரும் முக்கியமான எதையும் கேட்டதில்லை. பதறிப்போய், எனக்கு மனப்பாடமான ஒரே திகதியைச் சொல்லிவிட்டேன். என் பிறந்தநாள். ட்ரக்கில் ஏற்றிய நாளிலிருந்து அது இரண்டு மாதம் தள்ளி வந்தது, என் அதிர்ஷ்டம். பேனை அசையவில்லை.

“கண்டனீரோ?”

அந்த ஆண்டு நான் ஒஸ்லோவில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். அவருக்கு அது தெரியும். எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், பகிடிகளோடு.

“ஓம் அண்ணை. கண்டனான்.”

எழுதினார். வதனி அழவில்லை. பேனையை எனக்குத் திருப்பித் தந்து, கடதாசியை ஊதிக் காயவைத்து, அவளிடம் கொடுத்தார்.

அவள் பேர்கன் போய் நன்றாக இருந்தாள். பிள்ளைக்கு ஒரு தம்பியும் பிறந்தான். இவர் காப்பக வேலை முடியும்வரை வாள்ச்சாமிமாருக்கு அட்டை போட்டார். முதலாம் பியோர்னின் கடைசிக் கட்டத்தைக் கடைசிவரை வெறுமையாகத்தான் விட்டார்.

அடுத்த வருடம் அந்தத் திகதிக்கு முதல்நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நாளைக்குத் தம்பிக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன், வாறீரோ என்று. நான் சைவக்காரன், வீட்டில் மனைவி கேக்குக்கு ஓடர் கொடுத்திருந்தாள். போனேன். கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருவரும் இருந்தோம். பாதர் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். அண்ணை முன்னாலே பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டார்:

“அண்டைக்கு மழையோ?”

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான், நான் ‘கண்ட’ அந்த நாளைக் கேட்கிறார் என்று விளங்கியது.

“இல்லை அண்ணை. நல்ல வெயில்.”

“நோவு பட்டவனோ?”

“இல்லை. சட்டெண்டு முடிஞ்சுது.”

தம்பியின் பெயர் வந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் போடவேண்டும்போல இருந்தது. எந்தத் தோளில் தொடங்குவது என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

“ஏதும் சொன்னவனோ?”

“உங்களைக் கேட்டவன் அண்ணை.”

அவர் ஆதாரம் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பாதர் அடுத்த பெயரை வாசித்தார்.